கேஸ் வாடையா, இரைச்சலா, மஞ்சள் தீயா: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டுக்கு வரும் கேஸ் இரண்டு வகை. சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. தெருக் குழாய் வழியாக வருவது பெரும்பாலும் மீத்தேன். உங்கள் வீட்டில் எது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பொறுத்து மாறும். மீத்தேன் காற்றைவிட லேசு, கிட்டத்தட்ட பாதி எடைதான். கசிந்தால் மேலே ஏறிக் கூரையடியில் சேரும். புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. இவை தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளத்திலும் சாக்கடை வாயிலும் அலமாரிக்கு அடியிலும் தேங்கி நிற்கும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் தீப்பிடிக்கும். புரொப்பேனுக்கு 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே போதும்.

இன்னொரு விஷயம். ஒழுங்காகப் போட்ட குழாய் நடுவில் ஓட்டையாவது அபூர்வம். கசிவு பெரும்பாலும் இணைப்பில் இருக்கும், வளைவில் இருக்கும், அடுப்பை ஒட்டிய கடைசி ஒரு மீட்டரில் இருக்கும். அதனால் தேடலை அடுப்பிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போங்கள். தேடுவதும் மூடுவதும் நம் வேலை. குழாயைக் கழற்றுவது, ஸ்பேனர் போட்டு முறுக்குவது, புது லைன் இழுப்பது எல்லாம் அதற்கென்று உரிமம் வாங்கியவர் வேலை. இந்தக் கோட்டைத் தாண்டாமலேயே நிறையக் கண்டுபிடிக்கலாம்.

வாடை குப்பென்று அடிக்கிறது, அல்லது ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கிறது

இங்கே கோளாறைத் தேடவே கூடாது. எரிகிற தீயை அணையுங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஓடுகிற ஃபேன் ஓடட்டும், எரிகிற லைட் எரியட்டும். ஸ்விட்சுக்குள் விழும் பொறிக்குப் போடுகிறோமா அணைக்கிறோமா என்ற பேதமெல்லாம் கிடையாது. புகைபோக்கி ஃபேனைப் போட்டால் கேஸ் வெளியே போய்விடும் என்று கை தானாக நீளும், அதுதான் ஆபத்து. காலிங் பெல், லிஃப்ட், வாசலில் நிற்கும் வண்டியின் ஸ்டார்ட்டர், எல்லாம் இதே கணக்கு.

கைக்கு எட்டினால் சிலிண்டர் ரெகுலேட்டரையோ மீட்டர் பக்க வால்வையோ மூடுங்கள். வால்வின் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். போகிற வழியில் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். எல்பிஜி வீட்டில் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. இடுப்பு உயரத்தில் இருக்கும் ஜன்னல், தரையில் கிடக்கும் கேஸை என்ன செய்யும்? தரைவரை திறக்கும் கதவுதான் அதற்கு வழி. போன் பண்ணுவது வெளியே வந்து, தள்ளி நின்ற பிறகு. கேஸ் நிறுவனத்தின் அவசர எண் பில்லிலோ இணைப்புப் புத்தகத்திலோ இருக்கும். அதை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.

கசிவே தீப்பிடித்து எரிகிறது என்றால், வால்வை எட்ட முடிந்தால் மூடுங்கள், தீ தானாக அடங்கும். மூட முடியாதபோது தீயை மட்டும் அணைக்க முயலக் கூடாது. அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும், அறை நிறையும், அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். வெளியே வந்து தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

வாடை லேசாக வருகிறது, போகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், ஏனென்றால் அவசரமாகவும் தெரியாது, நிம்மதியாகவும் இருக்க விடாது. முதலில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வாடை முழுக்கப் போகும்வரை காத்திருங்கள். அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே வருகிறது என்பதல்ல. எப்போது வருகிறது என்பது.

ரெகுலேட்டரை மூடிய பிறகும், ராத்திரி முழுக்க அடுப்பைத் தொடாமல் இருந்தும் காலையில் வாடை அடித்தால் சந்தேகம் சிலிண்டர் வால்வின் மேல்தான். ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது மட்டும் வந்தால், ரெகுலேட்டரிலிருந்து அடுப்பு வரைக்குமான ஹோஸ், கிளிப், இணைப்பு. அடுப்பு எரியும்போது மட்டும் என்றால், அடுப்புக்கு உள்ளே: குமிழின் தண்டு, ஜெட் (பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் பொடித்துளை முனை), அல்லது ஒரு பக்கம் பற்றாமல் நிற்கும் பர்னர். பற்றவைக்கும் நொடியில் மட்டும் வந்து மறைந்தால் பெரும்பாலும் அது கசிவே அல்ல. தீ பிடிப்பதற்குள் வெளியே வந்த கொஞ்சம் கேஸ். லைட்டர் சோம்பல் பட்டால் அது கூடும். எதுவும் பொருந்தாவிட்டால் குமிழ்களைப் பாருங்கள். பொங்கி வழிந்து தீ அணைந்திருக்கலாம், துடைக்கும்போது துணி பட்டு ஒரு குமிழ் லேசாகத் திரும்பியிருக்கலாம்.

இடத்தை உறுதி செய்யச் சோப்புத் தண்ணீர்தான் கருவி. தீக்குச்சியைப் பற்றவைத்து இணைப்பின் அருகே காட்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மரியாதையான வார்த்தை இல்லை.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஒரு தூரிகையால் தடவுங்கள். அம்மோனியா, குளோரின் சேர்ந்த கிளீனர் வேண்டாம். முன்னது பித்தளையில் விரிசல் விழ வைக்கும், பின்னது துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும். பர்னர்களெல்லாம் மூடியிருக்க வேண்டும், ரெகுலேட்டரோ மெயின் வால்வோ திறந்திருக்க வேண்டும். லைனில் அழுத்தம் இல்லாமல் தடவினால் குமிழி வராது, ‘கசிவு இல்லை’ என்று பொய் சொல்லும். பக்கத்தில் எந்தத் தீயும் இருக்கக் கூடாது.

இணைப்பு முழுவதையும் சுற்றித் தடவுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கத்தை மட்டும் தடவிவிட்டு எழுந்துவிடுவோம். கசிவு கீழே இருக்கும். பெரிய கசிவு என்றால் குமிழி உடனே ஊதும். சின்னது என்றால் ஒரு நிமிஷம் வரை எதுவும் தெரியாது, பிறகு நட்டின் விளிம்பில் பொடிப்பொடியாக வெள்ளை நுரை தானாகச் சேரும். தடவும்போதே வந்த நுரை உடைந்துகொண்டே போகும், கசிவு ஊதும் நுரை வளர்ந்துகொண்டே போகும். வித்தியாசம் இதுதான். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

குமிழி வந்தால் வால்வை மூடி, ஆளைக் கூப்பிடுங்கள். இன்னும் ஒரு திருகு திருகினால் நின்றுவிடும் என்று தோன்றும். பித்தளை நட் அதிக முறுக்கைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டிடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 18ஆவது மாடியில் ஒருவர் காலையில் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். அடுப்பையும் கேஸ் குழாயையும் இணைத்த தரக்குறைவான பித்தளை நட் ஒன்று முறிந்து கேஸ் கசிந்திருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. அந்த மூலை அப்படிச் சரிந்ததற்குக் கட்டிடத்தின் வடிவமைப்பும் காரணம் என்றாலும், ஆரம்பம் ஒரு நட்தான்.

சிலிண்டர் மாற்றியதும் வாடை

வால்வின் உள்ளேயோ ரெகுலேட்டரின் வாயிலோ இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருக்கும், இடம் மாறியிருக்கும், அல்லது இல்லாமலே வந்திருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தியபடியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேறு சிலிண்டர் கேளுங்கள். துணியைச் சுற்றுவது, டேப் ஒட்டுவது எல்லாம் வேண்டாம். ஒரு லிட்டர் திரவ எல்பிஜி ஆவியானால் சுமார் 250 லிட்டர் வாயுவாகும்.

வாடையே இல்லை, ஆனால் மீட்டர் ஓடுகிறது

குழாய்வழி கேஸ் வீட்டுக்கு இது அருமையான சோதனை. அடுப்பு, கீசர், ஹீட்டர் எல்லாவற்றையும் மூடுங்கள், எப்போதும் எரியும் பைலட் தீயையும் சேர்த்து. மீட்டரின் கடைசி இலக்கம்வரை குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் யாரும் எதையும் தொடாமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கு இந்தப்புறம் எங்கோ கேஸ் போகிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி வால்வு இருந்தால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடியதும் மீட்டர் நிற்கிறதோ கசிவு அந்தக் கிளையில். எல்லாவற்றையும் மூடியும் ஓடினால் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ இருக்கிறது. அதற்குமேல் அழுத்தமானி வைத்துப் பார்ப்பவரின் வேலை. அவர் வரும்வரை மீட்டர் வால்வு மூடியே இருக்கட்டும்.

மூக்கு இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். கேஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது. நமக்கு வரும் அழுகிய முட்டை நெடி, மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மங்களைக் கலப்பதால் வருவது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாடையில்லாத கேஸ் தரைக்கடியில் சேர்ந்து வெடித்து, ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்த பிறகுதான் இதைச் சட்டமாக்கும் வேகம் வந்தது. காற்றில் கேஸ் தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போதே வாடை தெரிந்துவிட வேண்டும் என்பது அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் விதி. ஆனால் அந்த வாடை காணாமல் போகவும் செய்யும். புது எஃகுக் குழாயின் உட்சுவரும் துருவும் அதை உறிஞ்சிக்கொள்ளும். மண்ணுக்குள் கசிந்து வரும் கேஸிலிருந்து மண்ணே அதை வடிகட்டிவிடும். மூக்கும் பழகிப்போகும். கொஞ்ச நேரத்தில் ‘வாடை போயிடுச்சே’ என்று நமக்குத் தோன்றுவது, நிஜமாகவே போனதால் இருக்கவேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்தவர் வாசலிலேயே மூக்கைச் சுளித்தால் அவரை நம்புங்கள்.

அலாரம் கத்துகிறது, மூக்குக்கு எதுவும் தெரியவில்லை

எந்த அலாரம் என்று பாருங்கள். கேஸ் அலாரம் வேறு, அரைகுறையாக எரியும் தீயிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கான அலாரம் வேறு. கேஸ் அலாரம் சில சமயம் ஸ்பிரே, பெயின்ட் தின்னர், ஆல்கஹால் ஆவிக்கும் கத்தும். இருந்தாலும் முதலில் கசிவு என்றே வைத்துக்கொண்டு மேலே சொன்னபடி வெளியேறுங்கள். காரணத்தைப் பிறகு யோசிக்கலாம். அடிக்கடி காரணமில்லாமல் கத்தினால் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள், சென்சாருக்கும் ஆயுள் உண்டு. மாட்டிய இடத்தையும் பாருங்கள். மீத்தேனுக்கு அலாரம் கூரையை ஒட்டி இருக்க வேண்டும், எல்பிஜிக்குத் தரையை ஒட்டி. எல்பிஜி வீட்டில் கண் உயரத்தில் அழகாக மாட்டியிருக்கும் அலாரம் கத்தும் நேரத்துக்குள் கேஸ் முழங்காலைத் தாண்டியிருக்கும்.

நீலத் தீ மஞ்சளாகிவிட்டது, பாத்திரத்தின் அடியில் கரி

காற்று போதவில்லை என்று அர்த்தம். ஒரு பங்கு மீத்தேன் முழுசாக எரியச் சுமார் பத்துப் பங்கு காற்று வேண்டும், புரொப்பேனுக்குச் சுமார் 24 பங்கு. பர்னர் துளைகளில் அழுக்கு, காற்று உள்ளே வரும் வாயில் தூசி, கலவைக் குழாய்க்குள் சிலந்தி வலை, இவற்றில் ஒன்றுதான் வழக்கமான காரணம். பர்னர் ஆறிய பிறகு கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, பொருந்தி உட்காரும்படி வையுங்கள். ஊசியை விட்டுத் துளையைப் பெரிதாக்கக் கூடாது. அடியில் இருக்கும் ஜெட்டின் பக்கமே போகாதீர்கள். அங்கங்கே ஆரஞ்சுப் பொறி மட்டும் தெறித்தால் அது தூசியோ உப்போ எரிவது, பயமில்லை. சோம்பலாக அசையும் நீளமான மஞ்சள் நாக்குதான் கெட்டது.

அடுப்பு புதிதாக வந்ததா, இல்லை சிலிண்டரிலிருந்து குழாய்வழிக்கு மாறினீர்களா? அப்படியானால் ஜெட்டை மாற்றினார்களா என்று கேளுங்கள். ஒரே கன அளவு மீத்தேனைவிடப் புரொப்பேனில் இரண்டரை மடங்கு வெப்பம் இருக்கிறது. அதனால் மீத்தேன் ஜெட்டின் துளை பெரிது. மீத்தேன் ஜெட்டில் எல்பிஜி வந்தால் தீ மஞ்சளாகப் பொங்கிக் கரியைக் கக்கும். எல்பிஜி ஜெட்டில் மீத்தேன் வந்தால் தீ சாகக் கிடக்கும்.

மஞ்சள் தீயை அலட்சியப்படுத்தக் கூடாததற்குக் கரி மட்டும் காரணமல்ல. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெளியே போனால் சரியாகிறது, திரும்பி வந்தால் மறுபடி வருகிறது என்றால் உடம்பைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு அடுப்பையும் கீசரையும் சந்தேகப்படுங்கள். எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் மருத்துவ உதவி கேளுங்கள். மூடிய குளியலறைக்குள் புகைபோக்கி இல்லாத கேஸ் கீசர் வைப்பது எந்த நிலையிலும் சரியில்லை.

தீ சிறுத்துப்போகிறது, துள்ளுகிறது, தானாக அணைகிறது

எல்லாப் பர்னரிலும் சிறுத்தால் கேஸ் வரத்தில் கோளாறு: ஹோஸ் மடங்கியிருக்கும், ரெகுலேட்டர் தளர்ந்திருக்கும், சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கும். ஒரே பர்னரில் என்றால் அந்தப் பர்னரும் ஜெட்டும். சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்து, பனி படிந்து, தீயும் சிறுத்தால் கேஸ் எடுக்கும் வேகத்துக்குத் திரவம் ஆவியாக முடியவில்லை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்குப் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பமாவது வேண்டும். தீயை வைத்தோ ஹீட்டரை வைத்தோ சிலிண்டரைச் சூடாக்காதீர்கள், சாய்த்தோ படுக்க வைத்தோ பயன்படுத்தாதீர்கள். படுக்க வைத்தால் ரெகுலேட்டருக்குள் திரவமே போகும்.

குமிழை அழுத்தியிருக்கும்வரை எரிந்து, கையை எடுத்ததும் அணைந்தால், பர்னர் ஓரத்தில் குச்சிபோல நிற்கும் தெர்மோகப்பிளின் நுனியைத் துடையுங்கள். தீ இருக்கிறதா என்று அதுதான் பார்க்கிறது. இந்தத் தொல்லைக்காக அதைக் கழற்றிவிடச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எரியும்போது மட்டும் விசில் அடித்தால், மடிப்பு மடிப்பாக இருக்கும் உலோகக் குழாய்க்குள் கேஸ் வேகமாக ஓடும் ஒலியாக இருக்கலாம். அளவு சிறிய குழாய் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். எல்லாம் மூடிய பிறகும் கேட்கிற சத்தம் கசிவு.

ஹோஸில் வெடிப்பு விழுந்திருக்கிறது, விறைத்திருக்கிறது, பிசுபிசுக்கிறது

மூன்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான், தேதி மீதமிருந்தாலும். கிளிப்பை ஒட்டிய இரண்டு விரல் அகலத்தைப் பாருங்கள், வயது அங்கேதான் முதலில் தெரியும். மெதுவாக வளைத்தால் வெளிவளைவில் முடி மாதிரிக் கோடுகள் திறந்து மூடும். எலி கடித்த தடமும், சூடான அடுப்பின் முதுகில் பட்டுப் பளபளத்த இடமும் அடுத்தவை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் உதவாது. சாதாரண ரப்பரை எல்பிஜி ஊறவைத்துக் கெடுத்துவிடும். கேஸுக்கென்று தரமுத்திரையும் தேதியும் அச்சிட்ட, உள்ளே கம்பி வலை வைத்த ஹோஸ்தான் வேண்டும். நீளத்துக்காக இரண்டைச் சேர்ப்பதும், சுவர்த் துளை வழியே ஹோஸை விடுவதும் கூடாது. சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் உலோகக் குழாய், அதைச் சுற்றி ஒரு உறைக்குழாய்.

குழாயில் துரு, பச்சை, உரிந்த பூச்சு

எஃகுக் குழாய் உறுதியானது, பொறுமையானது. அதன் எதிரி ஈரம். சுவரில் புகும் இடம், தொட்டிக்கு அடி, பிடிப்பான் தொடும் பட்டை, இங்கேதான் துரு பிடிக்கும். மேலோட்டமான துரு என்றால் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். செதில் செதிலாக உரிந்தால், குழிவிழுந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். பெயின்ட் அடித்து மறைப்பது கசிவைத் தள்ளிப்போடும், தடுக்காது.

செம்பில் பச்சை பூத்திருந்தால் அங்கே ஈரமோ கிளீனரோ படுகிறது. கேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமிருந்தால் செம்பின் உட்புறம் கறுத்துப் பொடியாக உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். அடிக்கடி ஜெட்டில் கறுப்புத் தூள் என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

மஞ்சள் உறை போட்ட நெளிவுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வேலைக்கு வசதி, வளைந்து கொடுக்கும். ஆனால் சுவர் மெல்லியது, ஆணியும் டிரில்லும் சுலபமாகத் துளைக்கும், அருகில் இடி விழுந்தால் மின்பொறியே பொத்தலிடும். அதனால்தான் அதைக் கட்டிடத்தின் எர்த்தோடு முறைப்படி இணைக்கச் சொல்கிறார்கள். அதற்காகக் கேஸ் குழாயை மற்ற சாதனங்களுக்கு எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது. மண்ணுக்கடியில் போகும் பாலிஎத்திலின் குழாய் வெயிலில் கெட்டுப்போகும், தீயில் உருகும். அது தரைக்கு மேலே வெறுமனே தெரிகிறது என்றால் யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

திருகு இணைப்பில் சுற்றும் டேப்பிலும் வித்தியாசம் உண்டு. தண்ணீர்க் குழாய்க்கான மெல்லிய வெள்ளை டேப் வேறு, கேஸுக்கான தடித்த மஞ்சள் டேப் வேறு. விரிவாக்கிய முனை கொண்ட செம்பு இணைப்புக்கும் வாஷர் வைத்த இணைப்புக்கும் டேப்பே தேவையில்லை. அங்கே டேப் சுற்றியிருந்தால் சரியாகப் பொருந்தாததை யாரோ மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

தோட்டத்தில் ஒரு திட்டு மட்டும் கருகுகிறது

தண்ணீர் விட்டும், குழாய் போகும் வழியில் புல் வட்டமாகவோ கோடாகவோ பட்டுப்போனால், மழைநீர் தேங்கிய இடத்தில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், தரைக்கடியில் கசிவு. மண்ணிலிருக்கும் காற்றைக் கேஸ் வெளியே தள்ளிவிடுவதால் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. தோண்டிப் பார்க்காதீர்கள். கேஸ் மண் வழியாக நகர்ந்து சுவர் இடுக்கு, சாக்கடை, கேபிள் குழாய் வழியே வீட்டுக்குள் வரும், வாடையை மண்ணில் விட்டுவிட்டு வரும். நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள்.

சரிசெய்த பிறகு

வேலை செய்தவர் கிளம்புவதற்கு முன் உங்கள் கண்முன்னால் சோப்புத் தண்ணீர் போடச் சொல்லுங்கள், அப்புறம் மீட்டர் சோதனையையும் ஒரு முறை. லைன் திறந்திருந்ததால் உள்ளே காற்று இருக்கும். முதல் முறை பற்றவைக்கும்போது தீ துள்ளும், படபடக்கும். அறை திறந்திருக்கட்டும், அவரே பற்றவைக்கட்டும். புது ஹோஸில் மாட்டிய மாதத்தையும் வருஷத்தையும் அழியாத மையில் எழுதி வையுங்கள். வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும், பிள்ளைகள் உட்பட, கையால் ஒரு முறை மூடிப் பார்க்க வையுங்கள். வருஷக்கணக்கில் தொடாத வால்வு இறுகிக் கிடக்கும். அவசரத்தில்தான் அது தெரியவரும் என்றால் பிரயோஜனமில்லை.